இனிப்பும் புளிப்பும் கூடிய வெள்ளரி ஊறுகாய்

நுழையும்முன்

பருவத்தில் மிகுதியாக விளையும் காயைப் பருவம் கடந்த நாள்களுக்கும் சேர்த்துவைக்க மனிதர் கண்ட பழைய வழிகளுள் ஒன்று ஊறவைத்தல். மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை முதலியவற்றைத் தமிழர் நெடுங்காலமாக உப்பில் ஊறவைத்து வருகின்றனர். வெள்ளரிப்பிஞ்சை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. ஊறுகாய் எதனால் கெடாமல் நிற்கிறது, எப்போது கெடுகிறது என்பதையும் ஆராய்கிறது.

1. கெட்டுப்போன முதற்புட்டி

கொச்சியின் காயல் தீவுகளுள் ஒன்று வல்லார்பாடம். 2004ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை, எறணாகுளத்திலிருந்து அங்குச் செல்வோர் படகையே நம்பியிருந்தனர். 2011 பிப்ரவரி 11 அன்று அத்தீவில் பன்னாட்டுக் கொள்கலன் முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கன்டெய்னர் என மக்கள் வழங்கும் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு, கோயம்புத்தூர், திருப்பூர், கரூர்ப் பகுதிகளிலிருந்து பல லாரிகள் அம்முனையத்துக்கு வருகின்றன.

அத்தகைய லாரி ஒன்றை ஓட்டும் தமிழர் ஒருவரின் குடும்பம் வல்லார்பாடத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தது. அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் பயின்றுவந்தாள். ஒருநாள் பள்ளியில் தோழி தந்த ரொட்டித்துண்டுகளின் இடையே, மஞ்சள் நிறம் ஏறிய வெள்ளரி வில்லைகள் இருந்தன. கடித்தபோது முதலில் இனிப்பும் பிறகு புளிப்பும் தோன்றின. அந்தச் சுவை சிறுமிக்கு மிகவும் பிடித்துவிட்டது. தோழியிடம் செய்முறையைக் கேட்டுவந்து தாயிடம் கூறினாள்.

தாய் மகிழ்ச்சியோடு செய்ய முற்பட்டார். ஆயினும் வினிகரின் நெடி அவருக்கு ஒவ்வவில்லை. எனவே ஒரு குவளை வினிகருக்கு இரண்டு குவளை நீர் கலந்தார். உப்பையும் ஒரு சிட்டிகையே இட்டார். புட்டியை, மாவடு சாடியை வைப்பதுபோல, அடுக்களை அலமாரியில் வைத்தார். ஆறாம் நாள் திறந்து பார்த்தபோது நீர் கலங்கியிருந்தது. மேலே வெண்மையான ஆடை படர்ந்திருந்தது. வெள்ளரி வில்லைகள் தொட்டவுடன் வழுக்கின.

"மாவடுவில் ஆடை படர்ந்தால் வழித்தெறிந்துவிட்டுப் பயன்படுத்துகிறோம். இதையும் அவ்வாறே செய்தால் என்ன?" என்றார் தாய். அரைக் கிலோ காயை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. மகளுக்கோ உண்ண அச்சமாயிருந்தது. இருவரும் ஊரிலிருக்கும் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தனர். அனைத்தையும் கேட்ட பாட்டி ஒரே ஒரு வினாவை எழுப்பினார்:

"மாவடுவில் நாம் இடும் உப்பு இதில் இருந்ததா?"

தாய் விடை கூறவில்லை. புட்டியிலிருந்ததைக் கொட்டிவிட்டு, அதனைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

2. காத்து நிற்பது எது?

பாட்டியின் வினாவில் ஊறுகாய்க்கலையின் அடிப்படை அடங்கியிருக்கிறது. காயைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அவை வளர நீரும் உணவும் வேண்டும். வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீரே உள்ளது. ஆதலால் அது விரைவில் அழுகும். அதனைக் காக்க வேண்டுமாயின், நுண்ணுயிரிகள் வாழ இயலாத சூழலை உண்டாக்க வேண்டும்.

மாவடுவில் அக்காவலைத் தொடங்கிவைப்பது உப்பு. மிகுந்த உப்பு, பிஞ்சிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. காய் சுருங்குகிறது. உப்பைத் தாங்கும் நற்பாக்டீரியாக்கள் சில அந்நீரில் பெருகி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. உப்போடு அப்புளிப்பும் சேர்ந்து காயைக் காக்கிறது.

வெள்ளரி ஊறுகாயில் புளிப்பு தானாகத் தோன்றும்வரை நாம் காத்திருப்பதில்லை. அதனை வினிகராக வெளியிலிருந்து சேர்க்கிறோம். வினிகரின் புளிப்புக்குக் காரணம் அசிட்டிக் அமிலம். நம் கடைகளில் விற்கும் வெள்ளை வினிகரின் புட்டியில் பெரும்பாலும் '4 விழுக்காடு' என அச்சிடப்பட்டிருக்கும். 100 மில்லிலிட்டரில் 4 கிராம் அசிட்டிக் அமிலம் உள்ளது என்பது அதன் பொருள். அதனோடு இரு மடங்கு நீர் கலந்தால் 4 விழுக்காடு ஏறத்தாழ 1.3 விழுக்காடாகக் குறைந்துவிடும். வெள்ளரியிலிருந்து வெளிவரும் நீரும் சேரும்போது மேலும் குறையும். முதற்புட்டியில் நேர்ந்தது இதுவே. மாவடுவுக்குரிய உப்பும் அதில் இல்லை. வினிகருக்குரிய புளிப்பும் இல்லை. காவலர் இருவரும் இல்லாத வீட்டில் கள்வர் புகுந்தனர்.

புளிப்பின் அளவைக் குறிக்க அறிவியலார் 'பி.எச்.' என்னும் எண்ணைப் பயன்படுத்துவர். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா, காற்றுப்புகாத புட்டிக்குள்ளும் வளரவல்லது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். அந்நஞ்சு கலந்த உணவில் நாற்றமோ நிறமாற்றமோ தோன்றாமலும் இருக்கலாம். பி.எச். எண் 4.6 அல்லது அதற்குக் கீழே இருக்கும் உணவில் அப்பாக்டீரியா வளர்வதில்லை. ஆகவே, ஊறுகாயில் புளிப்பு நாவுக்கு மட்டும் உரியதன்று; உயிருக்கும் காவலாக நிற்பது.

வெளிநாட்டுச் செய்முறை நூல்கள் பெரும்பாலும் 5 விழுக்காட்டு வினிகரைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் வினிகர் அதனினும் மென்மையானது. ஆதலால் அந்நூல்கள் கூறுவதுபோல் மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காமல், குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் உண்பதே நமக்கு ஏற்ற வழி.

3. காயைத் தேர்தல்

கொச்சிச் சந்தையில் வெள்ளரி இருவகையாகக் கிடைக்கும். ஒன்று, பொன்னிறமாகப் பழுத்துத் திரண்ட கணிவெள்ளரி. சித்திரை விஷுவன்று கேரள மக்கள் கணிகாணும் பொருள்களுள் அது சிறப்பிடம் பெறும். மற்றொன்று, பச்சை நிறமுடைய இளங்காய். ஊறுகாய்க்கு உரியது இரண்டாம் வகையே. விரல் நீளமும் உறுதியும் உடைய, விதை முற்றாத பிஞ்சுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பறித்த நாளிலோ மறுநாளிலோ ஊறவைத்தால் காய் நறுக்கென்று இருக்கும்.

4. வேண்டிய பொருள்கள்

வெள்ளரிப்பிஞ்சு – 500 கிராம்
வெங்காயம் – 1 (நடுத்தர அளவு)
கல்லுப்பு – 30 கிராம்
பனிக்கட்டி – ஒரு கிண்ணம்
வெள்ளை வினிகர் (4 விழுக்காட்டுக்குக் குறையாதது) – 300 மில்லிலிட்டர்
சர்க்கரை – 150 கிராம்
கடுகு – 1 தேக்கரண்டி
மிளகு – 10
மஞ்சள்தூள் – கால் தேக்கரண்டி
இஞ்சி – விரல் நீளத் துண்டு ஒன்று
ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டி – 1

5. செய்முறை

(அடுப்பில் செய்யும் வேலைகளைப் பெரியவர் உடனிருக்கவே செய்தல் வேண்டும்.)

1. வெள்ளரியை நன்கு கழுவி, இருமுனைகளையும் நறுக்கி எறிக. காம்பு முனையில் கசப்பு மிகுதி. பூ உதிர்ந்த முனையில், காயை மென்மையாக்கும் நொதிகள் தங்கியிருக்கும். அம்முனையை நீக்காவிட்டால் ஊறுகாய் குழைந்துவிடும்.

2. அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக நறுக்குக. வெங்காயத்தை மெல்லியதாகச் சீவுக. இரண்டையும் கல்லுப்புடன் கலந்து, மேலே பனிக்கட்டியைப் பரப்பி, இரண்டு மணி நேரம் வைக்க. வில்லைகளிலிருந்து நீர் வெளியேறுவதைக் காணலாம்.

3. அந்நீரை முழுவதும் வடித்துவிடுக. வில்லைகளை ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி, மீண்டும் நன்றாக வடிக்க. நீர் தங்கினால் அது வினிகரை நீர்த்துப்போகச் செய்யும்.

4. புட்டியையும் மூடியையும் சோப்பிட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி வைக்க. குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் காணும். ஆதலால் புட்டி வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

5. வினிகர், சர்க்கரை, கடுகு, மிளகு, மஞ்சள்தூள், சீவிய இஞ்சி ஆகியவற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டுக் கொதிக்கவிடுக. செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை அமிலம் அரிக்கும்; அவை வேண்டா. சர்க்கரை கரைந்தபின் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும்.

6. வில்லைகளைப் புட்டியில் அடுக்கி, சூடான கரைசலை அவை மூழ்கும்வரை ஊற்றுக. ஆறியபின் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைக்க.

7. இரண்டு நாள் ஊறிய பின்னர் உண்ணலாம். உலர்ந்த, தூய கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். மூன்று வாரங்களுக்குள் உண்டு முடிப்பது நன்று.

6. மாற்றத்தக்கதும் மாற்றலாகாததும்

சமையலில் அவரவர் கைப்பக்குவத்துக்கு இடம் உண்டு. இவ்வூறுகாயிலும் மாற்றத்தக்கவை பல. இனிப்பு மிகுதியெனக் கருதுவோர் சர்க்கரையைக் குறைக்கலாம். பழப்பாகு கெடாமல் நிற்பது அதிலுள்ள மிகுந்த சர்க்கரையால். இவ்வூறுகாயிலோ சர்க்கரை சுவைக்காக மட்டுமே சேர்க்கப்படுகிறது. மிளகுக்கு மாறாகப் பச்சைமிளகாயை இடலாம். இஞ்சியை விலக்கலாம்.

மாற்றலாகாதவையும் உண்டு. வினிகரின் அளவைக் குறைத்தல் கூடாது. அதனோடு நீர் கலத்தல் கூடாது. காயின் அளவை மிகுத்து, வினிகரை அவ்வளவிலேயே நிறுத்துதலும் கூடாது. புளிப்பு கடுமையாகத் தோன்றினால் வினிகரைக் குறைக்காமல் சர்க்கரையைச் சற்றுக் கூட்ட வேண்டும். சுவையில் நம் விருப்பம் செல்லும். காவலில் அளவே செல்லும். நீர் கலங்கினாலோ, ஆடை படர்ந்தாலோ, வில்லைகள் வழுக்கினாலோ புட்டி முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சுவைத்துப் பார்த்து முடிவு செய்தல் தவறு.

7. கடல் கடக்கும் பிஞ்சு

இரண்டாம் புட்டி நன்றாக அமைந்தது. நான்காம் நாள் வீடு திரும்பிய தந்தை ஒரு வில்லையை எடுத்துச் சுவைத்தார். பிறகு, "இந்தப் பிஞ்சை நம் ஊரைச் சுற்றிலும் பயிரிடுகிறார்கள். ஆனால் ஊரில் இதை உண்பவரைத்தான் நான் கண்டதில்லை" என்றார்.

அவர் கூறியது கெர்க்கின் எனப்படும் சிறுவெள்ளரியை. இந்தியாவில் அதன் சாகுபடி 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களுக்குப் பரவியது. நிறுவனங்கள் விதை முதலியவற்றைத் தந்து, விலையை முன்னரே பேசி, விளைச்சலை வாங்கிக்கொள்கின்றன. இது ஒப்பந்தச் சாகுபடி எனப்படும். ஏறத்தாழ 90,000 சிறு, குறு உழவர்கள் 65,000 ஏக்கரில் இதனைப் பயிரிடுவதாக நடுவண் அரசின் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபேடா 2022ஆம் ஆண்டில் தெரிவித்தது. 2020–21ஆம் ஆண்டில் வெள்ளரியும் சிறுவெள்ளரியுமாக 2,23,515 டன் ஏற்றுமதியாயிற்று. உலகின் தேவையில் ஏறத்தாழ 15 விழுக்காடு இந்தியாவில் விளைகிறது. உப்புநீரிலோ வினிகரிலோ ஊறிய பிஞ்சுகள், பீப்பாய்களிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் அடைக்கப்பட்டு, கொள்கலன்களில் ஏறி, தென்னிந்தியத் துறைமுகங்கள் வழியே அமெரிக்கா, பிரான்சு, செருமனி, உருசியா முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன.

இது தொண்ணூறு நாள் பயிர். காய்க்கத் தொடங்கியபின் நாள்தோறும் பறிக்க வேண்டும். பிஞ்சு சிறிதாயிருக்கும்வரையில்தான் நல்ல விலை. ஒருநாள் தவறினாலும் அது பருத்து, விலை குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். ஒரு ஏக்கரில் நான்கு டன் விளைந்து 80,000 ரூபாய் கிடைத்தால், செலவு போக 40,000 ரூபாய் மிஞ்சும் என்பது 2022ஆம் ஆண்டில் அபேடா தந்த கணக்கு. வெளிநாட்டுக் கடையில் ஒரு புட்டியைத் திறப்பவர், விடியற்காலையில் குனிந்து பிஞ்சு பறித்த கைகளை அறிவதில்லை.

வெள்ளரியின் காட்டு உறவினம் இமயமலை அடிவாரத்தில் இன்றும் வளர்கிறது. வெள்ளரியை முதலில் பயிராக்கியது இந்நாடே. கொச்சிக்கு 1500ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்களுடைய 'வினாக்ரே' என்னும் சொல்லே மலையாளத்தில் 'விநாகிரி' என நிலைத்தது. காய் இங்கிருந்து வெளியே சென்றது. புளிப்பின் பெயர் ஒன்று வெளியிலிருந்து உள்ளே வந்தது. எனவே அந்த மஞ்சள் வில்லை சிறுமி எண்ணியதுபோல் முற்றிலும் அயல்நாட்டுப் பண்டம் அன்று.

8. ஊருக்குச் சென்ற மடல்

தந்தை மீண்டும் புறப்படும் நாள் வந்தது. பாட்டிக்கு ஒரு சிறு புட்டி ஊறுகாய் அனுப்ப விரும்பினாள் மகள். தாய் மறுத்தார். "லாரியின் வெப்பத்தில் ஒருநாள் முழுதும் இருந்தால் என்னாகும் என்று நமக்குத் தெரியாது. நாம் கொட்டியது போதும்" என்றார். மகள் சற்று நேரம் வருந்தினாள். பின்பு ஒரு தாளை எடுத்து, பொருள்களையும் அளவுகளையும் தமிழில் எழுதினாள். 'வினிகரில் நீர் கலக்க வேண்டா' என்னும் வரியின்கீழ் இரண்டு கோடுகள் இட்டாள். அதுவே அவள் பாட்டிக்கு எழுதிய முதல் மடல்.

பத்து நாள் கழித்துப் பாட்டி அழைத்தார். பறிக்கத் தவறியதால் பருத்து, விலை போகாத வெள்ளரிகளை அண்டைவீட்டு உழவரிடம் வாங்கி, வில்லைகளாக நறுக்கி ஊறவைத்ததாகக் கூறினார். "அளவு சரியாக இருந்தது. இனிப்பு மட்டும் எனக்குச் சற்று மிகுதி. அடுத்தமுறை குறைத்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு, "எழுத்தும் நன்றாக இருந்தது, ஓரிடத்தில் மட்டும் 'ள'கரத்துக்கு 'ல'கரம் விழுந்திருந்தது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

---

அருஞ்சொற்பொருள்

நெடி – மூக்கில் ஏறும் கடுமையான மணம்
ஒவ்வவில்லை – பிடிக்கவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை
அடுக்களை – சமையலறை
நொதி – உயிர்ப்பொருள்களில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
கொள்கலன் – சரக்கு ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டி
மடல் – கடிதம்

இலக்கணம் அறிவோம்: வினைத்தொகை

'ஊறுகாய்' என்பதில் 'ஊறு' என்னும் வினைப்பகுதியும் 'காய்' என்னும் பெயரும் சேர்ந்துள்ளன. காலம் காட்டும் இடைநிலை இல்லை. ஆயினும் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் அது பொருந்தும். இவ்வாறு காலம் மறைந்துவரும் பெயரெச்சத் தொடர் வினைத்தொகை எனப்படும். நேற்று இட்டதும், இன்று ஊறுவதும், நாளை உண்ணத் தகுந்ததும் ஆகிய காய்க்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

பின்வரும் வினைத்தொகைகளை மூன்று காலத்துக்கும் விரித்து எழுதுக:
சுடுசோறு, கொதிநீர், விளைநிலம், பாய்படகு.

குறுவினா

1. வெள்ளரியின் இருமுனைகளையும் நீக்குவது ஏன்?
2. செம்பு, பித்தளைப் பாத்திரங்களை ஏன் பயன்படுத்தலாகாது?
3. ஒப்பந்தச் சாகுபடி என்றால் என்ன?

சிறுவினா

1. "மாவடுவில் நாம் இடும் உப்பு இதில் இருந்ததா?" – இவ்வினாவால் தாய் உணர்ந்தது யாது?
2. சிறுவெள்ளரியை நாள்தோறும் பறிக்க வேண்டியதன் காரணத்தை விளக்குக.
3. 300 மில்லிலிட்டர் 4 விழுக்காட்டு வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் எத்தனை கிராம்? அதில் பாதியை எடுத்துவிட்டு நீர் சேர்த்தால் எத்தனை கிராம் எஞ்சும்?

நெடுவினா

ஊறுகாயில் மாற்றத்தக்கவை, மாற்றலாகாதவை ஆகியவற்றைக் காரணம் காட்டித் தொகுத்து எழுதுக.

மொழியை ஆள்வோம்

1. உப்புநீரில் ஊறவைத்த மாங்காய், நெல்லிக்காய் முதலியவற்றை மலையாளத்தில் 'உப்பிலிட்டது' என்பர். இச்சொல்லைத் தமிழிலும் பொருள் உணர முடிகிறது. உப்பு, இஞ்சி, கடுகு, மஞ்சள், வெள்ளரிக்காய், சர்க்கரை ஆகியவற்றின் மலையாளப் பெயர்களை அண்டைவீட்டாரிடம் கேட்டறிந்து, ஒத்தவற்றையும் வேறுபட்டவற்றையும் அட்டவணையிடுக.

2. உங்கள் வீட்டில் செய்யும் ஊறுகாய் ஒன்றின் பொருள்களையும் அளவுகளையும் பெரியோரிடம் கேட்டு, சொந்த ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு மடலாக எழுதுக. மாற்றலாகாத அளவு எது என்பதை அடிக்கோடிட்டுக் காட்டுக.